மெல்பர்னில் ஃபுட்டி ரசிகராவது எப்படி? உறுப்பினர் அட்டை முதல் வெற்றிப் பாட்டு வரை

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, காப்பி இயந்திரத்தின் அருகே நின்றிருந்த சக ஊழியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எந்தக் கிளப்?" என்பதுதான். என் ஊர், என் படிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. மார்ச் முதல் செப்டம்பர் வரை ஊரே இதைப் பற்றித்தான் பேசும். அந்தப் பேச்சில் சேர முடியாமல் ஓரமாக நிற்பது எவ்வளவு பெரிய தனிமை என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் உள்ளே நுழைய இரண்டு சீசன்கள் ஆயின. சரியாக விசாரிக்காமல் கட்டியதில் ஏறக்குறைய 400 டாலர் வீணாயிற்று. உங்களுக்கு அது நேரக் கூடாது.

இங்கே ஃபுட்டி என்றால் சாக்கர் அல்ல. நீள்வட்ட மைதானத்தில், நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 18 பேர் ஆடும் ஆஸ்திரேலிய ரூல்ஸ். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ஃபுட்டி என்றால் பெரும்பாலும் ரக்பி லீக்கைத்தான் சொல்வார்கள். எனவே இந்தக் குறிப்புகள் மெல்பர்னுக்கு வருகிறவர்களுக்கு.

1. பணம் கட்டுவதற்கு முன் ஓர் ஆட்டம் பாருங்கள்

தொலைக்காட்சியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பந்து இருக்கும் இடத்தை மட்டுமே காமிரா காட்டும். மைதானத்தின் மறுகோடியில் யார் எங்கே ஓடி இடம் பிடிக்கிறார் என்பது நேரில்தான் தெரியும்.

முதல் அனுபவத்துக்கு எம்.சி.ஜி. என்ற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தின் பெருங்கூட்டம் வேண்டாம் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2017இல் தொடங்கிய ஏ.எஃப்.எல்.டபிள்யூ. என்ற பெண்கள் லீக். அதன் சீசன் ஆகஸ்டு வாக்கில் தொடங்கி நவம்பர் வரை போகும். டிக்கெட் மலிவு, மைதானங்கள் சிறியவை, வீராங்கனைகள் கூப்பிடு தூரத்தில் ஆடுவார்கள். இன்னொன்று, புறநகர்க் கிளப்களின் சனிக்கிழமை ஆட்டங்கள். ஆட்டத்தின் கால் பகுதி முடிந்ததும் பார்வையாளர்களும் மைதானத்துக்குள் இறங்கிப் பயிற்சியாளர் பேசுவதைச் சுற்றி நின்று கேட்கலாம். அங்கே ஒரு முறை நின்றால் பத்துப் பக்க விளக்கம் தேவைப்படாது.

விதிகளில் முதல் நாளுக்கு வேண்டியவை கொஞ்சம்தான். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பலகையில் 12.8 (80) என்று இருந்தால் 12 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 80. குறைந்தது 15 மீட்டர் உதைக்கப்பட்ட பந்தைக் கீழே விழாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம். பந்தை வைத்திருப்பவர் வாய்ப்பிருந்தும் விடாமல் மாட்டிக்கொண்டால் மைதானமே "பா...ல்!" என்று கத்தும். நீங்களும் கத்தலாம். நடுவர் ஏற்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம். இருபது நிமிடக் கால் பகுதிகள் நான்கு. கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகும்.

2. கிளப்பைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாறாதீர்கள்

மொத்தம் 18 கிளப்கள். அவற்றில் 10 விக்டோரியா மாநிலத்தவை. அந்தப் பத்தில் கீலாங் நீங்கலாக 9 கிளப்கள் மெல்பர்ன் நகரத்தவை. கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், எசண்டன், ஹாதார்ன், செயின்ட் கில்டா என்று பெரும்பாலும் புறநகர்ப் பெயர்கள்தான். புள்ளிப் பட்டியலில் முதலில் இருக்கும் கிளப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஆண்டு அது கடைசியில் இருக்கலாம், அப்போது நீங்கள் நகரவும் முடியாது. கிளப் மாறுவதை இங்கே யாரும் நல்ல பழக்கமாக எடுத்துக்கொள்வதில்லை.

என் அறிவுரை ஒன்றுதான்: உங்களோடு ஆட்டத்துக்கு வரப்போகிறவரின் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, உடன் வேலை செய்கிறவரோ, குழந்தையின் வகுப்புத் தோழனின் அப்பாவோ. தனியாகப் போகிறவர் மூன்றாவது ஆட்டத்தோடு நின்றுவிடுவார். என் கிளப் எது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் முடிவில் என் பாசம் கலக்க வேண்டாம்.

ஒரு சொல் எச்சரிக்கை. ஆதரிப்பதை இங்கே 'பேரக்' செய்வது என்பார்கள். அமெரிக்கப் படங்களில் கேட்ட 'ரூட்' என்ற சொல்லை அந்தப் பொருளில் பயன்படுத்திவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அது கொச்சைச் சொல், அலுவலகத்தில் சங்கடமாகிவிடும்.

3. உறுப்பினர் அட்டை: பணம் வீணாகும் இடம் இதுதான்

கிளப் தேர்வானதும் உறுப்பினராகச் சேரத் தோன்றும். சேருங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சேருங்கள். புதிய ஆண்டுக்கான சேர்க்கை முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும். திட்டங்கள் பல பெயர்களில் இருந்தாலும் அடிப்படையில் மூன்று வகை: மைதான நுழைவே இல்லாத ஆதரவாளர் திட்டம், மூன்று ஆட்டத் திட்டம், 11 உள்ளூர் ஆட்டங்களுக்கான முழுத் திட்டம். மூன்று ஆட்டத் திட்டம் ஏறக்குறைய 100 டாலரைச் சுற்றி இருக்கும். முழுத் திட்டம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இருக்கை எண்ணோடு வேண்டுமென்றால் இன்னும் கூடும்.

நான் முதல் ஆண்டே முழுத் திட்டத்தில் சேர்ந்தேன். போனது நான்கு ஆட்டங்களுக்கு. வியாழன் இரவு ஆட்டத்துக்கு வேலை முடிந்து ஓட முடியவில்லை, ஜூலைக் குளிரில் குழந்தையை அழைத்துப் போக மனம் வரவில்லை. முதல் ஆண்டு மூன்று ஆட்டத் திட்டமே போதும்.

இனி நான் மாட்டிக்கொண்ட பொறிகளைச் சொல்கிறேன்.

மிகப் பெரியது, 'உள்ளூர் ஆட்டம்' என்ற சொல். இரண்டு மெல்பர்ன் கிளப்கள் எம்.சி.ஜி.யில் மோதினாலும் அவற்றில் ஒன்றுக்குத்தான் அது உள்ளூர் ஆட்டம்; மற்றது விருந்தாளி. நான் உறுப்பினர் அட்டையோடு போய் வாசலில் நின்றேன். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வரிசை நீண்டது. அன்று உள்ளூர் அணி எதிராளி என்பதால் என் அட்டை செல்லாது என்று காவலாளி பொறுமையாக விளக்கினார். கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகப் போய் நின்று, கைபேசியில் புதிதாக டிக்கெட் வாங்கினேன். அட்டவணையில் முதலில் எழுதப்பட்டிருக்கும் பெயரே உள்ளூர் அணி. உங்கள் கிளப்பின் பெயர் இரண்டாவதாக இருந்தால் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும்.

அடுத்து, உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் மெல்பர்னில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். சில கிளப்கள் தங்கள் கணக்கில் உள்ள சில ஆட்டங்களைப் பாலாரட்டிலோ டாஸ்மேனியாவிலோ கூட ஆடுகின்றன. மெல்பர்னில் எத்தனை என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

மூன்றாவது, தானாகப் புதுப்பித்தல். மாதத் தவணையில் சேர்ந்தால் அடுத்த ஆண்டுக்கும் நீங்கள் கேட்காமலேயே பணம் பிடிக்கத் தொடங்குவார்கள். விலகுவதற்குக் கடைசி நாள் ஒன்று இருக்கும். அது மின்னஞ்சலின் அடியில் சிறிய எழுத்தில் வரும். சேரும் அன்றே அந்த நாளைக் கைபேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நான் குறிக்கவில்லை. வங்கிக் கணக்கில் மூன்று தவணை போன பிறகுதான் கவனித்தேன். போனதைத் திருப்பித் தரவில்லை.

கடைசியாக, மஃப்ளர். சேர்ந்தவர்களுக்குக் கிளப் அனுப்பும் பெட்டியில் மஃப்ளரோ தொப்பியோ இருப்பது வழக்கம். அதற்கு முன்பே கடையில் போய் 30, 40 டாலர் கொடுத்து வாங்கிவிடாதீர்கள். வீடு மாறினால் முதலில் கிளப்புக்கு முகவரியைத் தெரிவியுங்கள். என்னுடைய முதல் பெட்டி பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் தொலைந்தது.

4. என்னென்ன ஆவணங்கள்?

நம்மவர்கள் பலர் தயங்குவது இங்கேதான், அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: உறுப்பினராகக் குடியுரிமையோ நிரந்தர விசாவோ தேவையில்லை. பாஸ்போர்ட் நகலை யாரும் கேட்பதில்லை. பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், உள்ளூர் முகவரி, வங்கி அட்டை, இவ்வளவுதான்.

சலுகைக் கட்டணம் கோரினால் மட்டும் சான்று வேண்டும். ஓய்வூதிய அட்டை, முழுநேர மாணவர் அட்டை போன்றவற்றில் எதை ஏற்பார்கள் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். மைதான வாசலிலும் கேட்பார்கள். மூல அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டு மாணவர்கள் கவனிக்க: ஃபுட்டியில் மாணவர் சலுகை கிடைத்துவிட்டது என்பதற்காக ரயிலிலும் சலுகை மைக்கி அட்டையை (இங்கே பொதுப் போக்குவரத்துக்கான பயண அட்டை) பயன்படுத்திவிடாதீர்கள். அதன் விதிகள் வேறு. அபராதம் டிக்கெட் விலையைவிடப் பல மடங்கு.

5. டிக்கெட்டும் ஆட்ட நாளும்

எம்.சி.ஜி. ஆட்டங்களுக்கு டிக்கெட்டெக்கிலும், டாக்லாண்ட்ஸில் கூரை மூடும் மார்வெல் ஸ்டேடியத்துக்கு டிக்கெட்மாஸ்டரிலும் வாங்க வேண்டும். இரண்டிலும் கணக்கை முன்கூட்டியே தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான பொது நுழைவு டிக்கெட்டை நான் 30 டாலருக்குள் வாங்கியிருக்கிறேன்; சேவைக் கட்டணம் தனி. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு மிகக் குறைவு. முகநூல் குழுக்களில் முன்பின் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். ஒரே டிக்கெட்டின் படத்தை நான்கு பேருக்கு விற்றுவிடுவார்கள்; முதலில் வருகிறவருக்குத்தான் கதவு திறக்கும்.

சாதாரண வாரங்களில் இரண்டு நாள் முன்பு வாங்கினாலும் கிடைக்கும். போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 அன்சாக் நாளில் எசண்டனும் காலிங்வுட்டும் மோதும் ஆட்டம் அப்படியல்ல. 1995 முதல் அது இந்த நகரத்தின் மரபாகிவிட்டது. ஆட்டத்துக்கு முன் இறுதி மரியாதை எக்காளம் ஒலிக்கும்போது நிறைந்த மைதானம் முழுவதும் மூச்சு விடாமல் நிற்கும். அதை ஒரு முறையாவது நேரில் கேளுங்கள். உறுப்பினர்களுக்கான முன்விற்பனை எப்போது என்று பார்த்து வைத்து, அன்றே வாங்குங்கள்.

சீசனின் பிற்பகுதி ஆட்டங்களுக்கு வாரம் மட்டுமே முதலில் அறிவிக்கப்படும். நாளும் நேரமும் பிறகுதான் வரும். ஊரிலிருந்து பெற்றோர் வருவதற்கு விமான டிக்கெட் எடுக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

எம்.சி.ஜி.க்கு ஜோலிமான்ட், ரிச்மண்ட் ரயில் நிலையங்கள் இரண்டும் நடை தூரம். மார்வெலுக்குச் சதர்ன் கிராஸ். வார இறுதியில் மைக்கியின் ஒரு நாள் உச்சவரம்பு மற்ற நாட்களைவிடக் குறைவு. காரில் போக வேண்டாம். வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகும். டிக்கெட்டில் உள்ள வாசல் எண்ணைப் பாருங்கள்: எம்.சி.ஜி.யின் ஒரு பெரிய பகுதி கிரிக்கெட் கிளப் உறுப்பினர்களுக்கானது, அங்கே உடைக் கட்டுப்பாடு வேறு உண்டு. பொது நுழைவில் இருக்கைக்கு எண் கிடையாது, எனவே குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். நான் பிளாஸ்டிக் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் எடுத்துப் போவேன். கண்ணாடிப் பாட்டில், தகர டின், மது மூன்றும் கூடாது. குளிர்காலத்தில் சூரியன் வடக்கே தாழ்ந்து ஓடும் என்பதால் எம்.சி.ஜி.யின் வடக்குப் பக்க இருக்கைகள் மதியமே நிழலாகிவிடும். எதிரே, தெற்கில் இருக்கும் ஷேன் வார்ன் ஸ்டாண்டின் கீழ்த் தளத்தில் வெயில் படும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்த வெயில் பெரிய உதவி.

6. பாட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பாட்டு உண்டு. அணி மைதானத்துக்குள் ஓடி வரும்போது ஒரு முறை ஒலிக்கும். வென்றால், கடைசிச் சைரன் அடங்கியதும் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். தோற்ற அணியின் பாட்டு ஒலிப்பதில்லை. இதைவிட மலிவாகவும் விரைவாகவும் உங்களை உள்ளே சேர்க்கும் வழி வேறு இல்லை. மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரிகள். ரயிலில் போகும்போது மனப்பாடம் செய்துவிடலாம்.

பெரும்பாலான பாட்டுகள் தெரிந்த மெட்டுக்குப் புது வரிகள் இட்டவை. நந்தன் சரித்திர மெட்டுகளில் பாரதி பாட்டுக் கட்டினாரே, அந்த வழிதான். பிரிஸ்பேனின் பாட்டு பிரெஞ்சு தேசிய கீத மெட்டில் இருக்கிறது. கீலாங்கினுடையது 'கார்மென்' ஓப்பராவில் வரும் காளைச் சண்டை வீரனின் பாட்டு. செயின்ட் கில்டாவின் மெட்டு உலகம் முழுவதும் தெரிந்த ஜாஸ் பாட்டுடையது. எனவே மெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கே கத்த வேண்டும் என்பதைத்தான் பழக வேண்டும். ரிச்மண்ட் பாட்டில் "மஞ்சளும் கறுப்பும்" என்று பொருள்படும் இடம் வரும்போது, அதுவரை வாயசைத்துக்கொண்டிருந்தவர்களும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

என் கிளப் இரண்டு புள்ளியில் வென்ற ஓர் இரவு. பக்கத்து இருக்கையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி, முழங்காலில் கம்பளி, கையில் ஃபிளாஸ்க். ஆட்டம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு ஒலித்ததும் நான் எழுந்து முழுப் பாட்டையும் பிழையில்லாமல் பாடினேன். முடிந்ததும் அவர் ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி என் கையில் கொடுத்தார். இப்போது மூன்றாவது ஆண்டாக ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைக்கிறோம்.

7. பேனர் கட்டப் போங்கள், ஒரு கவிதையும் படியுங்கள்

ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் ஒரு பெரிய காகிதப் பேனரைக் கிழித்துக்கொண்டு ஓடி வருவதைப் பார்ப்பீர்கள். அதைச் செய்வது சியர் ஸ்குவாட் என்ற ரசிகர் அணி. கோல் கம்பங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கொடியசைப்பவர்களும் அவர்களே. சேர்வதற்குக் கிளப் உறுப்பினர் எண் வேண்டும், சிறிய ஆண்டுக் கட்டணம் உண்டு, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. நான் சேர்ந்தபோது கேட்டவை இவைதான்.

வார நாள் மாலையில் ஒரு கூடத்தில் கூடுவார்கள். கிரேப் காகிதப் பட்டைகளைத் தரையில் விரித்து, ஓரத்தோடு ஓரம் ஏற்றி, டேப் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் அதன் மேல் நடக்கலாம். எழுத்துகளைத் தனியாக வெட்டி ஒட்டுவார்கள். பழைய வழக்கப்படி பேனரில் இருப்பது எதுகை இயைபோடு கூடிய நான்கு வரிச் செய்யுள்: எதிராளிக்கு ஒரு குத்து, நூறாவது ஆட்டம் ஆடுகிறவருக்கு ஒரு வாழ்த்து. பல மணி நேர வேலை ஒரு நொடியில் கிழிந்து போகும். மார்கழியில் விடிகாலை எழுந்து கோலம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. மொழி சரளமாக வராதவர்களும் முதல் நாளே பயன்படக்கூடிய இடம் இது. டேப் ஒட்டத் தெரிந்தால் போதும்.

இதோடு, புரூஸ் டாவ் எழுதிய 'லைஃப் சைக்கிள்' என்ற கவிதையை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். பள்ளிகளில் பாடமாக வைக்கப்படும் கவிதை அது. விக்டோரியாவில் பிறக்கும் குழந்தையைக் கிளப் நிறத் துணியில் சுற்றுவதில் தொடங்கி முதுமை வரை போகும். ஃபுட்டியை ஒரு மதத்தின் மொழியில் பாடியிருப்பார். மைதானத்தில் உங்கள் காதில் 'கார்ன்' என்று விழும் கூச்சல், 'கம் ஆன்' என்பதன் தேய்ந்த வடிவம் என்பதை நான் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கூடத்தில் டேப் ஒட்டும்போது அந்தக் கவிதையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் படித்ததை யாராவது சொல்லத் தொடங்குவார்கள்.

8. அலுவலக டிப்பிங்

ஒவ்வொரு வாரமும் எந்த அணிகள் வெல்லும் என்று ஊகித்துக் குறிக்கும் போட்டி. பெரும்பாலான அலுவலகங்களில் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம். எங்கள் அலுவலகத்தில் 20 டாலர். வாரத்தின் முதல் ஆட்டம் வியாழன் மாலையே வரலாம், அதற்குள் குறிக்க வேண்டும். புதன்கிழமை இரவு ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

9. செப்டம்பர்

உறுப்பினர் கட்டணத்தில் இறுதிச் சுற்று ஆட்டங்கள் அடங்காது. தனியாக வாங்க வேண்டும். உறுப்பினர்களுக்கு முன்விற்பனை உண்டு; ஆட்டம் உறுதியான சில நாட்களிலேயே, பல நேரம் சில மணி நேரமே திறந்திருக்கும். கடவுச்சொல்லை முந்தைய இரவே சரிபார்த்துவிடுங்கள்.

கிராண்ட் ஃபைனல் எம்.சி.ஜி.யில் நடக்கும். ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கைகள் இருந்தும் மோதும் கிளப்களின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் போதாது. உயர் திட்டங்களில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்குக் குலுக்கல். கள்ளச் சந்தைப் பக்கம் போகாதீர்கள். இந்த ஆட்டத்தின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் 10 சதவீதத்துக்கும் கூடுதலாக விற்பது விக்டோரியாவில் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அந்த டிக்கெட்டே ரத்தாகும்.

டிக்கெட் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை 2015 முதல் மாநிலம் முழுவதும் பொது விடுமுறை. அன்று வீரர்களின் ஊர்வலம் நடக்கும்; கட்டணம் கிடையாது. சனிக்கிழமை யாராவது வீட்டுக்கு அழைப்பார்கள். அழைப்பில் 'பிரிங் எ பிளேட்' என்று இருந்தால் வெறும் தட்டோடு போய்விடாதீர்கள். எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது பலகாரம் கொண்டு வாருங்கள் என்று பொருள். நான் மசால் வடை சுட்டு எடுத்துப் போவேன். நாற்பது என்றால் முதல் கால் பகுதிக்குள் தீர்ந்துவிடும்; அறுபதாகச் சுட்டுக்கொள்ளுங்கள்.